கொக்கோவுக்குப் பொழுது போகவில்லை

அத்தை பிரான்சுக்குப் புறப்பட்ட வாரத்தில்தான் எங்கள் வீட்டுக்குக் கிளி வந்தது. எழுபதுகள் முடிந்துகொண்டிருந்த சமயம். நான் மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படித்துக்கொண்டிருந்தேன்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அவள் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்படிப்பட்டவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். மாமா இறந்த பிறகும் அத்தை சொல்தா வீட்டம்மாவாகவே இருந்தாள். காலையில் ரொட்டிதான் சாப்பிடுவாள். காபியைப் பெரிய கிண்ணத்தில் ஊற்றி இரண்டு கையாலும் ஏந்திக் குடிப்பாள். மகன் பிரான்சிலேயே வேலையில் இருந்தான். அவன் மனைவிக்குப் பிரசவம் என்றுதான் அத்தை விமானம் ஏறினாள்.

முத்தியால்பேட்டையில் நாங்கள் குடியிருந்த வீடும் அத்தையுடையது. தம்பி குடும்பத்தை அதில் சும்மா குடிவைத்திருந்தாள். சும்மா என்றால் வாடகை இல்லை, அவ்வளவுதான். மற்றபடி எப்போது வேண்டுமானாலும் ரிக்‌ஷாவில் வந்து இறங்குவாள். சுவரில் புதிதாக ஆணி அடித்திருக்கிறோமா என்று பார்ப்பாள். கொல்லைத் தென்னையை அண்ணாந்து பார்த்து, போன தடவை பார்த்த குலை எங்கே என்று கேட்பாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு பதில் சொல்வாள். ஆகவே கிளியை வைத்துக்கொள்ள முடியுமா என்று எங்களை யாரும் கேட்கவில்லை. கூண்டு ரிக்‌ஷாவிலிருந்து இறங்கியது. நாங்கள் வாங்கிக்கொண்டோம்.

அது மாமா கப்பலில் கொண்டுவந்த கூண்டு. கோபுரம் மாதிரி வளைந்த தலை, பளபளவென்று துடைத்த கம்பிகள், நடுவில் வழவழப்பான ஒரே ஒரு கட்டை, இரண்டு பீங்கான் கிண்ணம். வேறு எதுவும் கிடையாது. அத்தை கட்டளைகளை வரிசையாகச் சொன்னாள். கிண்ணங்களைத் தினமும் கழுவ வேண்டும். கூண்டு இருக்கிறபடியே இருக்க வேண்டும், எதையும் மாற்றக் கூடாது. பூனை கிட்டே வரக் கூடாது. கிளியின் பெயர் கொக்கோ, வேறு பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் இதைக் கேட்டுவிட்டு, கிளிக்குப் போய்க் கொக்கு என்று பேர் வைத்திருக்கிறார்களே என்று வாரக்கணக்கில் சிரித்தார்கள்.

கொக்கோ பிரெஞ்சு பேசும். யாரைப் பார்த்தாலும் போன்ழூர் என்று வணக்கம் சொல்லும். அத்தை தீனி எடுத்து வரும்வரை பொறு, பொறு என்று சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லும் அதற்குப் பாடமாகியிருந்தது. பொறு என்பதற்குப் பிரெஞ்சில் 'அத்தான்' என்பது போல ஒரு சொல். வந்த மறுநாள் காலை அம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளிருந்து கொக்கோ உரக்க "அத்தான், அத்தான்" என்று கூப்பிட்டது. தெருவில் தண்ணீர் பிடிக்க நின்ற பெண்களெல்லாம் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டாள். அது பிரெஞ்சு என்று அப்பா வெளியே போய் விளக்கினார். யாரும் நம்பவில்லை.

இந்தக் கலகலப்பெல்லாம் கொஞ்ச நாள்தான். பூனைக்குப் பயந்து கூண்டைக் கொல்லைப்பக்கத்து நடையில், குளியலறைக்குப் பக்கத்தில் உயரமாகத் தொங்கவிட்டிருந்தோம். பூனை வராத இடம்தான். மனிதர்களும் குளிக்கப் போகும்போது மட்டுமே வருகிற இடம். கொக்கோவுக்கு எதிரே ஒரு சுவர், அந்தச் சுவரில் பாசி. முதலில் போன்ழூர் நின்றது. பிறகு அத்தானும் நின்றது. அதன் பிறகு அம்மா நடையைப் பெருக்கும்போது பச்சை இறகுகள் வர ஆரம்பித்தன. பறவை என்றால் இறகு உதிரத்தான் செய்யும் என்றார் அப்பா. ஆனால் இறகு உதிரவில்லை. கொக்கோ தானே பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு நாள் நான் நின்று பார்த்தேன். கழுத்தை வளைத்து மார்பிலிருந்து ஓர் இறகைப் பிடுங்கி, அதை அலகில் வைத்துச் சற்று நேரம் யோசித்துவிட்டுக் கீழே விட்டது. பிறகு அடுத்தது. கொஞ்ச நாளில் மார்பு முழுவதும் வழித்தெடுத்த மாதிரி ஆகி, கறிக்கடைக் கோழிபோலத் தோல் தெரிந்தது.

அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அத்தை திரும்பி வரும்போது கிளி செத்திருந்தால் என்ன ஆகும் என்பதை அவள் வாயால் சொல்லவில்லை. ஆனால் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டு எங்கே போவோம் என்று அவள் கணக்குப் போடுவது எனக்கே தெரிந்தது. மிளகாய் சுற்றிப் போட்டாள். மஞ்சள் நீர் தெளித்தாள். எதிர்வீட்டுப் பெண் சொன்னாள் என்று பூண்டு நசுக்கி வைத்தாள். கொக்கோ பூண்டைத் தொடவில்லை. இறகைத்தான் தொட்டது.

கடைசியில் அப்பா மில்லுக்கு லீவு போட்டுவிட்டுக் கூண்டைச் சைக்கிள் கேரியரில் கட்டினார். நான் முன்கம்பியில் உட்கார்ந்தேன். கால்நடை ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் இரண்டு ஆடுகளும் காலுடைந்த ஒரு கன்றுக்குட்டியும் இருந்தன. வைத்தியர் நரைத்த மீசைக்காரர், கிளிக்கெல்லாம் நேரமில்லாதவர் போலத்தான் முதலில் பார்த்தார். ஆனால் கொக்கோவைக் கையில் எடுத்ததும் முகம் மாறியது. அலகைத் திறந்து பார்த்தார், தோலைத் தடவினார், கண்ணை விரித்துப் பார்த்தார். பிறகு கூண்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எங்கே தொங்கவிட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். அப்பா சொன்னார்.

"சீக்கு ஒண்ணும் இல்லப்பா. அதுக்குப் பொழுது போவல" என்றார் வைத்தியர். "நாள் பூரா செவுத்தப் பாத்துக்கினு ஒக்காந்திருந்தா நீ என்னா பண்ணுவ? நகத்தக் கடிப்ப. அது றெக்கயக் கடிக்குது."

மருந்து எதுவும் எழுதவில்லை. ஆள் நடமாடும் இடத்தில் கட்டு, அடுப்புப் புகை படக் கூடாது, கடிக்க எதாவது கொடு, தீனியைக் கிண்ணத்தில் கொட்டாமல் தேடித் தின்ன வை, புதுச் சாமானைக் கண்டால் பயப்படும், ஒவ்வொன்றாக வை என்று சொல்லிவிட்டு ஆட்டுக்குப் போய்விட்டார். வழியெல்லாம் அப்பா தானாகச் சிரித்துக்கொண்டு வந்தார். பஞ்சாலையில் எட்டு மணி நேரம் நின்றே வேலை செய்கிற ஆளுக்கு, வேலை இல்லாதது ஒரு சீக்கு என்பது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

அம்மா சிரிக்கவில்லை. எதையும் மாற்றக் கூடாது என்று அண்ணி சொல்லியிருக்கிறார்களே என்றாள்.

"மாத்தலன்னா கூண்டு இருக்கும். கிளி இருக்காது" என்றார் அப்பா.

முதல் வேலையாகக் கூண்டு கூடத்து ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்தது. ஒரு பக்கம் திரும்பினால் தெரு தெரியும், மறுபக்கம் திரும்பினால் சமையலறையில் அம்மா தெரிவாள். அதற்காக அத்தையின் உத்தரத்தில் அப்பா ஒரு கொக்கியை அறைந்தார். ஒவ்வொரு அடிக்கும் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு வழவழப்பான கட்டையைக் கழற்றித் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டு, கோணல்மாணலான கொய்யாக் கிளை ஒன்றைப் பட்டையோடு வெட்டி மாட்டினார். கொக்கோ அதைப் பார்த்துப் பாம்பைக் கண்ட மாதிரி அலறிக் கூண்டின் மூலையில் தொற்றிக்கொண்டது. அன்று முழுவதும் இறங்கவில்லை. அவ்வளவுதான், நாமே கொன்றுவிட்டோம் என்று அம்மா முடிவுகட்டிவிட்டாள். மறுநாள் நான் எழுந்தபோது கூடத்தில் எலி பிறாண்டுவது போலச் சத்தம். கொக்கோ கொய்யாக் கிளையில் உட்கார்ந்து, பட்டையை நார் நாராக உரித்துக் கீழே எறிந்துகொண்டிருந்தது. அப்பா, அம்மா, அண்ணன், நான் என்று நால்வரும் நின்று அதைப் பார்த்தோம். குப்பை விழுவதைப் பார்த்து அம்மா சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லோருக்கும் கிளிப் பைத்தியம் பிடித்தது. மில்லில் நூல் சுற்றுகிற மரக்கட்டையைப் பாபின் என்பார்கள். உடைந்த பாபின்களை விறகுக்கு என்று வெளியே தள்ளுவார்கள். அப்பா அதில் சிலவற்றைக் கொண்டுவந்து கொதிநீரில் போட்டுக் கழுவி, சணல் கயிற்றில் கோர்த்துத் தொங்கவிட்டார். கொக்கோ அவற்றை உருட்டியது, கடித்தது, கோபம் வந்தால் தலையால் முட்டியது. நான் தென்னங்கீற்றில் சின்னச் சின்னப் பெட்டி முடைந்து உள்ளே வேர்க்கடலையை ஒளித்துவைப்பேன். எவ்வளவு இறுக்கி முடைந்தாலும் திறந்துவிடும். திறந்ததும் கடலையை வாயில் வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்க்கும். அண்ணன் பொரி வாங்கித் தின்ற காகிதத்தைக் கசக்கிக் கொடுத்தால் அதற்கு ஒரு மணி நேர வேலை.

எல்லாமே சரியாக வரவில்லை. அண்ணன் ஒரு கண்ணாடித் துண்டை ஓரம் தேய்த்துக் கட்டினான். கொக்கோ கண்ணாடிக்குள் இருந்த கிளிக்குத் தன் தீனியை ஊட்டத் தொடங்கியது. தான் தின்னாமல் அதற்கே கொடுத்தது. கண்ணாடி வழிய வழியக் கடலைக் கூழ். அதைக் கழற்றினோம். அப்பா என் பழைய கொலுசிலிருந்து மணியை எடுத்துக் கட்டினார். அதை அடித்தால் ஆள் வரும் என்று கொக்கோ கண்டுபிடித்துவிட்டது. நைட் ஷிப்ட் முடித்துவிட்டு அப்பா படுத்த பகலெல்லாம் மணியடித்தது. கட்டியவரே எழுந்துவந்து மணியை அவிழ்த்துக்கொண்டு போய் மறுபடி படுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் இருக்கிற சாமானையெல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே மாட்டிவிட்டான். அம்மா வந்து பார்த்தாள்.

"அதுக்கு றெக்க விரிக்க எடம் வேணாமா? நாலு பேரு இருக்கற வூட்டுல நாப்பது சாமான் வெச்ச மாதிரி" என்று பாதியைக் கழற்றி ஒரு பனையோலைப் பெட்டியில் போட்டாள். அந்தப் பெட்டியிலிருந்து அவள்தான் சாமான்களை மாற்றி மாற்றிக் கட்டினாள். இந்த வாரம் பாபின், அடுத்த வாரம் சோளக்கொண்டை, அதற்கடுத்து வேப்பங்குச்சிக் கட்டு. போன மாதத்துப் பாபினைத் திரும்பக் கட்டினால் கொக்கோ புதிது என்று நினைத்துக் குதிக்கும்.

மார்பில் வெள்ளை முள் முள்ளாக ஏதோ முளைத்தது. பிறகு முள் பிளந்து பச்சை எட்டிப்பார்த்தது. அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். அதற்கு அத்தையின் தென்னையிலிருந்தே ஒரு காயைப் பறித்தாள்.

உடம்பு தேறியதும் கொக்கோ வாயைத் திறந்தது. இந்த முறை பிரெஞ்சு இல்லை. மில் சங்கு ஊதியது. அப்பாவைப் போல இருமியது. பால்காரர் சைக்கிள் மணியை அடித்துக் காட்டியது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அது எதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை.

ஒரு நாள் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து மத்தியானமே என்னை அனுப்பிவிட்டார்கள். வாசலுக்கு வந்தபோது உள்ளே அம்மா யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். அப்பா பகல் ஷிப்டில் இருந்தார், அண்ணன் பள்ளியில் இருந்தான். எட்டிப்பார்த்தேன். கூண்டுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கொக்கோ தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மாவின் ரவிக்கையில் இருந்த ஒட்டுத்துணியைப் பற்றி அத்தை ஒரு முறை விருந்தாளிகளுக்கு முன்னால் சொன்னதைக் கிளியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு இன்னொரு கதை: தான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்த ஒரு காலையில், கதவைத் திறந்தால் வாசலில் ரிக்‌ஷா.

"வந்துட்டாங்கம்மா மகாராணி" என்றாள் அம்மா கிளியிடம், இரண்டு கையையும் விரித்து.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா திரும்பிப் பார்த்து, உடனே எழுந்து என் நெற்றியைத் தொட்டாள். கீரைக்கட்டு அப்படியே கிடந்தது.

சில நாள் கழித்து இரவுச் சாப்பாட்டின்போது, அம்மாவின் குரலில், அதே இழுவையோடு, கூண்டுக்குள்ளிருந்து "வந்துட்டாங்கம்மா மகாராணி" என்று கேட்டது. அண்ணன் புரையேறும்வரை சிரித்தான். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார். மகாராணி யார் என்று அவர் கேட்கவே இல்லை. அம்மாவின் முகம் வெளுத்துப்போயிற்று. கிளி சாகாது என்று நிம்மதியாக இருந்தவளுக்கு, அது சாகாமல் இருப்பதே ஆபத்தாகிவிட்டது.

சிரித்தால் இன்னும் சொல்லும், யாரும் சிரிக்கக் கூடாது என்று அப்பா சொன்னார். நாங்கள் உதட்டைக் கடித்துக்கொண்டோம். அதன் பக்கத்தில் ரேடியோவை வைத்துப் பார்த்தோம். அண்ணன் போன்ழூர், போன்ழூர் என்று காலையும் மாலையும் கத்திப் பார்த்தான். கொக்கோ அவன் கத்துவதை அக்கறையோடு கேட்டுவிட்டு, கடைசியில் மகாராணியைச் சொல்லும்.

அத்தை வந்துவிட்டாள் என்று அவள் தெருவிலிருந்து ஆள் வந்து சொன்ன மறுநாளே ரிக்‌ஷா எங்கள் வாசலில் நின்றது. அத்தை மெலிந்திருந்தாள். கையில் பிஸ்கட் டப்பா. சென்ட் வாசனை அவளுக்கு முன்னால் உள்ளே வந்தது. யாரையும் நலம் விசாரிக்காமல் நேரே கூண்டுக்கு முன்னால் போய் நின்றாள். அவளுடைய கட்டை இல்லை. கடித்துக் குதறிய கொய்யாக் கிளை, பாபின் மாலை, பிய்ந்த ஓலைப்பெட்டி, தரையெல்லாம் நார்க்குப்பை, உத்தரத்தில் புதுக் கொக்கி. எல்லாவற்றையும் பார்த்தாள். அப்பா தொண்டையைக் கனைத்து, வைத்தியர் சொன்னதைச் சொல்லத் தொடங்கினார். அம்மா சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கொக்கோ ஒரு காலால் பாபினைப் பிடித்துக்கொண்டு அத்தையை ஏற இறங்கப் பார்த்தது.

"வந்துட்டாங்கம்மா மகாராணி" என்றது.

அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அத்தையின் முகம் மெல்ல மலர்ந்தது.

"ஆமாண்டா, வந்துட்டேன்" என்றாள். "பாத்தியா தம்பி, ஒரு வருஷமாச்சு, என்ன மறக்கல."

அப்பா வேகமாகத் தலையாட்டினார். அவர் அவ்வளவு வேகமாகத் தலையாட்டி நான் பார்த்ததில்லை. அம்மா கதவைப் பிடித்த கையை விட்டாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு கூடப் போகவில்லை, மாலையாக விழுந்துவிட்டது. நான் சத்தமாகச் சிரித்தேன். இப்போது சிரிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

அத்தை இன்னும் பேசு, இன்னும் பேசு என்று கிளியைக் கொஞ்சினாள். கொக்கோ இறகைச் சிலுப்பிக்கொண்டு, நாங்கள் அதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னது. குரல் அம்மாவுடையதுதான். ஆனால் மிகவும் தணிந்த குரல்.

"நீ சாப்ட்டியா கண்ணு? நீ மொதல்ல சாப்புடு."

அத்தை கொஞ்சுவதை நிறுத்திவிட்டாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாள். அப்பாவுக்குத் தெரியவில்லை. அண்ணனும் நானும் இல்லை என்று தலையாட்டினோம். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கண்ணு என்று கூப்பிடுவதில்லை. அம்மாவைப் பார்க்கலாம் என்று திரும்பினால் கதவருகே அவள் இல்லை. உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

அத்தை செருப்பைக் கழற்றிவிட்டுச் சமையலறைக்குள் போனாள். அந்த வீட்டின் சமையலறைக்குள் அவள் போனது அதுதான் முதல் தடவை. என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியவில்லை, அதிகம் பேசிய மாதிரியும் இல்லை. நான் எட்டிப்பார்த்தபோது இருவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தை அம்மாவின் தட்டில் குழம்பு ஊற்றினாள். எங்களுக்கு முன்னால் அம்மா சாப்பிடுவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பசித்த வயிற்றோடு எனக்கு அது கொஞ்சம் அநியாயமாகவும் பட்டது.

புறப்படும்போது அப்பா கூண்டைக் கழற்றப் போனார். அத்தை கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இங்கயே இருக்கட்டும். அங்க எங்கூட வந்தா ரெண்டு பேருக்கும் பொழுது போவாது" என்றாள். உத்தரத்துக் கொக்கியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரிக்‌ஷாவில் ஏறிய பிறகு, நாளை மத்தியானம் வருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னாள். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதும் அவளுக்குப் புதிதுதான்.

ரிக்‌ஷா திரும்பியதும் அப்பா சட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். கொக்கோ பிரெஞ்சை மறந்துவிட்டது, அதனால்தான் அத்தைக்கு அது வேண்டாமாகிவிட்டது என்று நான் அண்ணனிடம் காரணம் சொன்னேன். அண்ணனும் ஒப்புக்கொண்டான். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் சொன்னேன். வெகுகாலம் அதையே நம்பினேன்.

அம்மா எங்களையெல்லாம் வேளாவேளைக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டாள். நாங்கள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போவோம். அவளை யாரும் கேட்டதில்லை. அது கேட்கவேண்டிய விஷயம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. கேட்க ஆளில்லாத மத்தியானங்களில் அவள் அந்தக் கேள்வியைச் சொல்லிக்கொடுத்து ஓர் ஆளைத் தயார் செய்துகொண்டாள் என்பது, எனக்கென்று ஒரு சமையலறையும் ஒரு மத்தியானமும் வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அத்தைக்கு அது நின்ற இடத்திலேயே புரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் நான் அம்மாவிடம் போய், கண்ணு என்று அது யாரைக் கூப்பிடுகிறது என்று கேட்டேன். அம்மா என் பின்னலை அவிழ்த்துக்கொண்டே, "ஒன்னத்தான்டி" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து கொக்கோ அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம், நான் வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும், அம்மாவுக்கு முன்னால் முந்திக்கொண்டு, "சாப்ட்டேன், சாப்ட்டேன்" என்று உரக்கப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.